முதல் ஏழு நாள்: புதுப் போனைச் சோதித்துப் பார்ப்பது

போன் கைக்கு வந்த அன்று மாலை வீட்டில் எல்லோரும் ஒருமுறை வாங்கிப் பார்ப்பார்கள். எடை குறைவாக இருக்கிறது என்பார் ஒருவர், கலர் நன்றாக இருக்கிறது என்பார் இன்னொருவர். பிள்ளைகள் அதற்குள் கேமராவைத் திறந்திருப்பார்கள். இருபதாயிரம் ரூபாய் என்பது பல வீடுகளில் ஒரு மாதச் சம்பளம். அதைக் கொடுத்து வாங்கிய பொருளைப் பார்த்து மகிழ்வதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதே மாலையில் ஒரு கெடுவும் ஓடத் தொடங்கிவிடுகிறது. ஆன்லைனில் வாங்கியவர்களுக்குப் பெரும்பாலும் ஏழு நாள், சில இடங்களில் பத்து நாள் அவகாசம் உண்டு. அதற்குள் குறையைச் சொன்னால் வேறு போன் கிடைக்க வழியிருக்கிறது. அந்த நாள் கடந்தால் பழுதுபார்த்துத் தருவார்கள், அவ்வளவுதான்.

புதுப் போனைப் பற்றி முதல் வாரத்தில் நமக்குத் தோன்றுபவை இரண்டு வகை. திரையில் ஒரு புள்ளி எரியவில்லை, மைக்கில் இரைச்சல் கேட்கிறது, சிம் அடிக்கடி காணாமல் போகிறது என்பவையெல்லாம் முதல் நாளே உண்மையாகத் தெரியக்கூடியவை, தேடினால்தான் தெரியும். சார்ஜ் நிற்கவில்லை, போன் பறக்கிறது, படம் அள்ளுகிறது என்பவை முதல் நாளில் நம்பக்கூடாதவை. நம்மில் பெரும்பாலானோர் இதை மாற்றிச் செய்கிறோம். தேட வேண்டியதைத் தேடாமல் விட்டுவிட்டு, பொறுத்துப் பார்க்க வேண்டியதற்கு அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். இந்த அத்தியாயம் அந்த வரிசையைச் சரிசெய்வதற்காக எழுதப்பட்டது.

பெட்டியும் பில்லும்

ஆன்லைனில் வந்த பார்சல் என்றால், பிரிப்பதை இன்னொரு போனில் வெட்டு இல்லாமல் ஒரே வீடியோவாக எடுத்துக்கொள்ளுங்கள். பார்சலின் ஆறு பக்கமும், முகவரிச் சீட்டும், பெட்டியின் சீலும், உள்ளேயிருந்து போன் வெளிவருவதும் அதில் இருக்க வேண்டும். பெட்டிக்குள் வேறு பொருள் இருந்தாலோ திரை கீறியிருந்தாலோ அந்த வீடியோதான் உங்கள் பக்கம் பேசும். கடையில் வாங்கினால் சீல் உடைப்பது உங்கள் கண்முன் நடக்கட்டும். “நான் செட் பண்ணித் தர்றேன் சார்” என்று ஊழியர் உள்ளே எடுத்துப்போக அனுமதிக்காதீர்கள்.

பெட்டியின் லேபிளை நிதானமாகப் படியுங்கள். அதிகபட்ச விலை, தயாரித்த மாதம், ஆண்டு, தயாரித்தவர் முகவரி எல்லாம் அதில் இருக்கும். பொட்டலப் பொருள்களுக்கான எடையளவுச் சட்ட விதிகள் அதைக் கட்டாயமாக்குகின்றன. தயாரித்த மாதம் மிக முக்கியம். ஒன்றரை ஆண்டுக்கு முன் செய்த போன் தள்ளுபடியில் வந்திருந்தால், அதன் பேட்டரி அத்தனை காலம் கிடங்கில் கிடந்திருக்கிறது. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. நிறுவனங்கள் ‘நான்கு ஆண்டு அப்டேட்’, ‘ஏழு ஆண்டு அப்டேட்’ என்று வாக்குக் கொடுக்கும்போது, பொதுவாக அந்த மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்துதான் எண்ணுகின்றன. நீங்கள் வாங்கிய நாள் அந்தக் கணக்கில் வராது. கூகுள் 2023 அக்டோபரில் வெளியிட்ட பிக்சல் 8 வரிசைக்கும், சாம்சங் 2024 ஜனவரியில் வெளியிட்ட கேலக்ஸி எஸ்24 வரிசைக்கும் ஏழு ஆண்டு அறிவித்தன. அதே போனை இரண்டு ஆண்டு கழித்து வாங்குபவருக்கு மிஞ்சுவது ஐந்து.

ஐபோன் வாங்கியவர்கள் சிலர் லேபிளில் தமிழ்நாட்டு முகவரியைப் பார்த்து, இது வெளிநாட்டுச் சரக்கை விட மட்டமோ என்று கேட்கிறார்கள். அப்படியெல்லாம் இல்லை. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் நோக்கியா ஆலை 2006இல் தொடங்கி 2014இல் மூடப்பட்டது. இன்று அதே வட்டாரத்தில் ஃபாக்ஸ்கான் ஐபோன்களை இணைத்து, வெளிநாடுகளுக்கும் அனுப்புகிறது. நம் மாவட்டங்களிலிருந்து போன இளம்பெண்கள் அந்த வரிசைகளில் நின்று வேலை செய்கிறார்கள். அந்த லேபிளைப் பார்த்தால் பெருமைப்படத்தான் தோன்ற வேண்டும்.

அடுத்தது ஐ.எம்.இ.ஐ. எண். *#06# என்று அழுத்தினால் 15 இலக்க எண் திரையில் வரும்; இரண்டு சிம் போடும் போனில் இரண்டு எண்கள். பெட்டியில் இருப்பது, பில்லில் இருப்பது, திரையில் வருவது மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். பிறகு, மெசேஜில் கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அடித்து, ஓர் இடைவெளி விட்டு, அந்த 15 இலக்கத்தையும் எழுதி 14422 எண்ணுக்கு அனுப்புங்கள். இந்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சேவை இது. எண் யாருடைய மாடலுக்குப் பதிவானது என்று பதில் வரும். உங்கள் கையில் இருப்பது ஒரு கம்பெனி, பதிலில் வருவது வேறு கம்பெனி என்றால், அல்லது எண் தடுக்கப்பட்டதாக வந்தால், அந்தப் போனை மேற்கொண்டு தொட வேண்டாம். பில்லோடு திருப்பிக் கொடுங்கள். எண்ணை ஒரு நோட்டில் எழுதியும் வையுங்கள். பின்னாளில் போன் தொலைந்தால் அதே துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் அதை முடக்க இந்த எண்தான் வேண்டும். அப்போது அதைப் பார்க்கப் போன் கையில் இருக்காது.

பில் என்றால் ஜி.எஸ்.டி. எண்ணோடு கூடிய பில். போனுக்கு 2020 ஏப்ரலிலிருந்து 18 சதவீதம் ஜி.எஸ்.டி. “பில் இல்லாம ஐந்நூறு குறைச்சுக்கிறேன்” என்ற பேச்சுக்கு இணங்கினால், வாரன்ட்டியையும் புகார் செய்யும் பலத்தையும் சேர்த்து அந்த ஐந்நூறுக்கு விற்றதாகிவிடும்.

முதல் மணி நேரம்

எந்த ஆப்பையும் ஏற்றுவதற்கு முன், டெம்பர்ட் கிளாஸ் ஒட்டுவதற்கும் முன், திரையைப் பாருங்கள். முழு வெள்ளைப் படம் ஒன்று, முழுக் கறுப்புப் படம் ஒன்று, திரை நிறைய வைத்துப் பார்த்தால் போதும். வெள்ளையில் கறுப்புப் புள்ளி, கறுப்பில் எரியும் புள்ளி, ஓரத்தில் மஞ்சளாகவோ பச்சையாகவோ ஒரு சாயல் இருந்தால் தெரிந்துவிடும். தொடுதிரைக்கு எளிய சோதனை ஒன்று உண்டு: ஏதாவது ஓர் ஐகானை அழுத்திப் பிடித்து, விரலை எடுக்காமல் திரையின் எல்லா மூலைக்கும் மெதுவாக இழுத்துப் போங்கள். ஓரிடத்தில் ஐகான் நழுவி விழுந்தால், அங்கே தொடு உணர்வு இல்லை. சாம்சங் போனில் *#0*# அழுத்தினால் இந்தச் சோதனைகளுக்கென்றே ஒரு பக்கம் திறக்கும்.

அடுத்ததாக நான் எல்லோரையும் கெஞ்சிக் கேட்டுக்கொள்ளும் சோதனை: ஒரு போன் கால். புதுப் போன் வாங்கியவர்கள் கேமராவை நூறு முறை பார்க்கிறார்கள், யூடியூப் பார்க்கிறார்கள், கேம் ஆடிப் பார்க்கிறார்கள். பேசிப் பார்ப்பதை மட்டும் கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்கள். உங்கள் குரலைப் பல வருடமாகப் போனில் கேட்டுப் பழகிய ஒருவரை, அம்மாவையோ அக்காவையோ, கூப்பிடுங்கள். ஐந்து நிமிடம் பேசுங்கள். முதலில் காதில் வைத்து, பிறகு ஸ்பீக்கரில், பிறகு மின்விசிறிக்குக் கீழே, பிறகு தெருவில் வண்டிச் சத்தத்தில். “கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்குடா” என்று அந்தப் பக்கம் சொன்னால், அது எந்த விமர்சன வீடியோவும் உங்களுக்குச் சொல்லாத உண்மை. நமக்கு நம் குரல் கேட்காது. மைக்கின் குறையை எதிர்முனையில் இருப்பவர்தான் சொல்ல முடியும்.

பேசும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். போன் காதருகே போனதும் திரை அணைய வேண்டும், எடுத்ததும் எரிய வேண்டும். விலை குறைந்த மாடல்கள் சிலவற்றில் இதற்குத் தனி சென்சார் வைக்காமல், ஸ்பீக்கரிலிருந்து வரும் கேளா ஒலியைக் கொண்டு மென்பொருளே ஊகித்துக்கொள்கிறது. அது தடுமாறினால் பேசிக்கொண்டிருக்கும்போதே கன்னம் பட்டு கால் மியூட் ஆகும், ஹோல்டுக்குப் போகும். வயதானவர்களுக்கு வாங்கிய போனில் இது பெரிய தொல்லை. ஒரே நாளில் பலமுறை நடந்தால் அந்த மாடலே வேண்டாம் என்பது என் கருத்து.

கால் ரெக்கார்ட் செய்து பழகியவர்களுக்கும் ஒரு செய்தி. கூகுளின் டயலரோடு வரும் போன்களில் ரெக்கார்ட் பொத்தானை அழுத்தியதும் இரு பக்கமும் கேட்கும்படி அறிவிப்பு ஒலிக்கும். வெளியிலிருந்து போடும் ஆப்களுக்கும் 2022 மே மாதத்திலிருந்து கூகுள் பிளே ஸ்டோரில் கதவு அடைபட்டுவிட்டது. போன் பழுது என்று இதற்காக சர்வீஸ் சென்டர் போக வேண்டாம்.

சிக்னலை உங்கள் வீட்டில் டவர் மோசமாகக் கிடைக்கும் இடத்தில் சோதியுங்கள். ஷோரூம் வாசலில் எல்லாப் போனுக்கும் முழுக் கோடு வரும். பழைய போனையும் புதுப் போனையும் அதே அறையில், அதே கம்பெனி சிம்மோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜியோவில் 2ஜி, 3ஜி கிடையாது. ஆகவே 4ஜி வழியே பேசவைக்கும் வோல்ட்டி அணைந்திருந்தால் சாதாரணக் காலே போகாது. அமைப்புகளில் அது இயங்குகிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு போனைக் குறை சொல்லுங்கள். கான்கிரீட் வீட்டுக்குள் டவர் எடுக்காதவர்கள் வைஃபை காலிங்கையும் இயக்கிப் பார்க்கலாம். வீட்டில் பிராட்பேண்ட் இருந்தால் இதுவே பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும்.

ஸ்பீக்கர், வைப்ரேஷன், ஃபிளாஷ், புளூடூத், மேப்பில் இடம் காட்டுவது, இரண்டு சிம் துளையும் வேலை செய்வது ஆகியவற்றைப் பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். தண்ணீர் புகாது என்று விளம்பரம் சொன்னாலும் தண்ணீரில் மட்டும் போட்டுப் பார்க்காதீர்கள். ஐ.பி.68 என்பது ஆய்வுக்கூடத்தில் நல்ல நீரில் செய்த சோதனை. நீர் புகுந்த பழுதை வாரன்ட்டி பொதுவாக ஏற்பதில்லை.

சோதனை முடிந்த பிறகு டெம்பர்ட் கிளாஸ் ஒட்டுங்கள். சாவியும் சில்லறையும் இன்றைய கண்ணாடியை அவ்வளவாகக் கீறுவதில்லை, மணல்தான் கீறும். மணலில் உள்ள குவார்ட்ஸ் கண்ணாடியைவிடக் கடினமானது. கடற்கரை ஊர்க்காரர்களும் கட்டட வேலை செய்பவர்களும் பேண்ட் பாக்கெட்டைத் தட்டிவிட்டுப் போனை வைப்பது நல்லது. வளைந்த திரைக்குக் கடைகளில் பசைத் திரவம் ஊற்றி, நீல விளக்கில் காயவைத்து ஒட்டுகிறார்கள். அந்தத் திரவம் ஸ்பீக்கர் வலையிலும் பட்டன் இடுக்கிலும் இறங்கிக் கெடுக்கக்கூடியது. முதல் வாரத்தில் அதைத் தவிர்த்தே தீர வேண்டும். திரைக்குள் கைரேகை வைக்கும் போன் என்றால், கண்ணாடி ஒட்டிய பின் ரேகையை மறுபடி பதியுங்கள்.

சார்ஜ் நிற்கவில்லையே என்று பதறாதீர்கள்

“புதுப் போனை எட்டு மணி நேரம் சார்ஜ் போட்டுட்டுத்தான் ஆன் பண்ணணும்” என்று இன்னமும் கடைகளில் சொல்கிறார்கள். பழைய நிக்கல் பேட்டரிகளின் காலத்து அறிவுரை அது. இன்று போன்களில் இருப்பது லித்தியம் அயன் பேட்டரி. சோனி 1991இல் அதை முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதை உருவாக்கியதற்காக ஜான் குட்எனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ மூவருக்கும் 2019இல் வேதியியல் நோபல் கிடைத்தது. இந்த பேட்டரிக்கு முதல் நாள் சடங்கு எதுவும் வேண்டாம். பாதிச் சார்ஜோடு வரும்; அப்படியே இயக்கலாம்.

முதல் இரண்டு மூன்று நாள் சார்ஜ் வேகமாக இறங்கும். இதைப் பார்த்துத்தான் பலர் மனம் நொந்துபோகிறார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் அந்தக் கவலை வராது. நீங்கள் கணக்கில் நுழைந்ததும் பழைய போட்டோக்கள், தொடர்புகள், ஆப்கள் எல்லாம் இணையம் வழியே இறங்குகின்றன. இறங்கிய ஒவ்வொரு ஆப்பையும் அந்தப் போனின் சிப்புக்கு ஏற்றபடி ஆண்ட்ராய்டு பின்னணியில் தயார்செய்கிறது. கேலரி ஒவ்வொரு படத்தையும் திறந்து, இது யார் முகம், இது எந்த ஊர் என்று வகைபிரிக்கிறது. போதாததற்கு ஆயிரம் எம்.பி.க்கு மேல் ஒரு சிஸ்டம் அப்டேட்டும் வந்து நிற்கும். இத்தனையும் நடக்கும்போது போன் சூடாவது இயல்பு. அத்தோடு நாமும் புதுப் போனை வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நேரம் கையில் வைத்திருக்கிறோம். ஆண்ட்ராய்டு 9இலிருந்து, நீங்கள் எந்த ஆப்பை எப்போது திறக்கிறீர்கள் என்று பார்த்து, திறக்காதவற்றைத் தூங்கவைக்கும் ஏற்பாடும் இருக்கிறது. அது உங்களைப் பழகிக்கொள்ளவும் சில நாள் ஆகும்.

எனவே பேட்டரியை ஐந்தாவது, ஆறாவது நாளில் கவனியுங்கள். இரவு படுக்கும்போது சதவீதத்தைக் குறித்துவைத்து, காலையில் பாருங்கள். கையே படாமல் ஓர் இரவில் மூன்று நான்கு சதவீதம் இறங்கினால் கவலை இல்லை. பதினைந்து இருபது இறங்கினால், அமைப்புகளில் பேட்டரி பக்கத்தைத் திறந்து எந்த ஆப் தின்கிறது என்று பாருங்கள். ஆப் எதுவும் காரணமாகத் தெரியவில்லை என்றால் 5ஜியைச் சந்தேகிக்கலாம். இந்தியாவில் 5ஜி 2022 அக்டோபர் 1 அன்று தொடங்கியது. இன்னும் பல ஊர்களில் வீட்டுக்குள் அரைகுறையாகத்தான் எட்டுகிறது. போன் 5ஜிக்கும் 4ஜிக்கும் மாறி மாறி அலைந்துகொண்டே சார்ஜைக் கரைக்கும். ஓர் இரவு 4ஜியில் மட்டும் விட்டுப் பாருங்கள். அப்போதும் அதே அளவு இறங்கினால், மாற்றிக் கேட்க அதுவே போதுமான காரணம்.

பேட்டரியின் ஆயுளைக் கெடுப்பது வெப்பம். ஆப்பிள் தன் சாதனங்களைச் சுற்றுப்புறம் 35 டிகிரிக்கு மேல் போகாத இடத்தில் பயன்படுத்தச் சொல்கிறது. நம் ஊரில் மே மாதம் வேலூரும் திருத்தணியும் 40ஐத் தாண்டும் நாட்கள் சாதாரணம். நிழலிலேயே அந்தக் கணக்கு உடைந்துபோகிறது. நம்மால் செய்ய முடிவது, அதன்மேல் இன்னொரு சூட்டைச் சேர்க்காமல் இருப்பது. வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டில் வைக்காதீர்கள். டெலிவரி வேலை செய்பவர்கள் பைக் ஹேண்டிலில் வெயிலில் மாட்டியபடியே சார்ஜும் போடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன், வேலை அப்படி. காலையில் வீட்டிலேயே சார்ஜை ஏற்றிக்கொண்டு கிளம்ப முடிந்தால் ஓடும்போது போடுவது பாதியாகக் குறையும். தலையணைக்கு அடியில் சார்ஜ் போடுவதை மட்டும் யாரும், எந்த வயதிலும் செய்யக் கூடாது. இப்போது பல போன்களில் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் அமைப்பு இருக்கிறது. மாலை வரை அது போதுமானவர்கள் இயக்கிக்கொள்ளலாம். போதாதவர்கள் நூறு வரை போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம். போன் நமக்காகத்தானே வாங்கியது.

சார்ஜர் பெட்டியில் இல்லாவிட்டால் அதிர்ச்சி அடைய வேண்டாம். ஆப்பிள் 2020இல் ஐபோன் 12உடன் தொடங்கிய பழக்கம் அது, மற்றவர்களும் பின்பற்றுகிறார்கள். வீட்டிலிருக்கும் டைப்-சி சார்ஜரை மாட்டலாம். துளை ஒன்றாக இருந்தாலும் வேகம் ஒன்றாக இருக்காது. 80 வாட் என்று விளம்பரம் செய்த போன், அந்தக் கம்பெனியின் சார்ஜரும் கேபிளும் சேர்ந்தால்தான் அந்த வேகத்தைத் தொடும். கடைசி இருபது சதவீதம் எல்லாப் போனிலும் மெதுவாகத்தான் ஏறும். பேட்டரியைக் காப்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள்.

படம் அழகாக வந்தால் மட்டும் போதாது

பகல் வெளிச்சத்தில் இன்று எந்தப் போனும் மோசமான படம் எடுப்பதில்லை. இரவு எட்டு மணிக்கு, டியூப் லைட் வெளிச்சத்தில், ஓடிக்கொண்டிருக்கும் குழந்தையைப் படம் எடுங்கள். கை கால் கலங்கி வருகிறதா என்று பாருங்கள். நம் வீட்டுப் படங்களில் பாதி அந்த நிலையில்தான் எடுக்கப்படுகின்றன.

50 மெகாபிக்சல் என்று எழுதியிருக்கும் கேமரா, நான்கு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து பன்னிரண்டரை மெகாபிக்சல் படத்தைத்தான் வழக்கமாகத் தரும். அது ஏமாற்று இல்லை. வெளிச்சம் குறைந்த இடத்தில் அதனால் நன்மை உண்டு. ஆனால் பின்னால் மூன்று வட்டம் இருக்கிறதே என்று விலை கொடுத்தவர்கள், அவற்றில் ஒன்று வெறும் 2 மெகாபிக்சல் லென்ஸா என்று பார்த்துக்கொள்ளட்டும். ரேஷன் கார்டையோ பாடப்புத்தகத்தின் ஒரு பக்கத்தையோ எடுத்து, நான்கு மூலையிலும் எழுத்துத் தெளிவாக இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் கலங்கினால் அது லென்ஸ் குறை, மாற்றிக் கேட்கலாம்.

இன்னொரு விஷயத்தில் எனக்கு வருத்தம் உண்டு. பல போன்களில் முகத்தை வெளுப்பாக்கி வழவழப்பாக்கும் அமைப்பு, பெட்டியைத் திறக்கும்போதே இயங்கும் நிலையில் வருகிறது. கடையில் படம் எடுத்து மயங்குவது அதைப் பார்த்துத்தான். நம் பிள்ளைகள் தங்கள் நிறத்தைத் தாங்களாகவே பார்த்து வளரட்டும். முதல் நாளே அந்தப் பியூட்டி அமைப்பைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, பிறகு கேமராவை மதிப்பிடுங்கள்.

பழைய போனை உடனே கொடுத்துவிடாதீர்கள்

எக்ஸ்சேஞ்சில் வாங்கினால் புதுப் போன் வரும் அதே நிமிடத்தில் பழையதை டெலிவரி செய்பவரிடம் கொடுக்க வேண்டியிருக்கும். இந்த அத்தியாயத்தில் சொன்ன சோதனைகளை எல்லாம் செய்ய ஒரு வாரமாவது பழைய போன் கையில் இருப்பது நல்லது. எக்ஸ்சேஞ்சில் கிடைப்பது பெரிய தொகை இல்லையென்றால் அதை விட்டுவிடுங்கள் என்பேன். அது முடியாது என்றால், முந்தின இரவே எல்லாவற்றையும் நகலெடுத்துவிடுங்கள்.

வாட்ஸ்அப் உரையாடல்களை ஆண்ட்ராய்டிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு, இரண்டு போனையும் பக்கத்தில் வைத்து க்யூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்தே மாற்றலாம். கூகுள் கணக்கில் இடம் தேவைப்படாது. அந்தக் கணக்கின் 15 ஜி.பி. இலவச இடத்தில் இப்போது வாட்ஸ்அப் பேக்கப்பும் சேர்வதால், இந்த வழி பலருக்கு உதவும். ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்குப் போகிறவர்கள், ஐபோனை முதன்முதலாக அமைக்கும்போதே ‘மூவ் டு ஐஓஎஸ்’ ஆப் மூலம் இதை முடித்துக்கொள்வது நல்லது.

ஜிபே, போன்பே போன்ற யு.பி.ஐ. ஆப்கள் புதுப் போனில் உங்கள் சிம்மிலிருந்து தானாக ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பித்தான் உங்களை அடையாளம் காணும். ஆகவே வங்கியில் பதிவான சிம் அந்தப் போனிலேயே இருக்க வேண்டும், அதில் எஸ்.எம்.எஸ். அனுப்ப ரீசார்ஜும் இருக்க வேண்டும். புதுப் போனில் முதல் 24 மணி நேரத்துக்குக் குறைந்த தொகையை மட்டும் அனுப்ப விடும் வங்கிகள் உண்டு. மறுநாள் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டியிருந்தால், அந்த இரவில் போன் மாற்றாதீர்கள். அலுவலகக் கணக்குக்கு ஆறு இலக்கக் குறியீடு காட்டும் ஆதென்டிகேட்டர் ஆப் வைத்திருப்பவர்கள், புதியதில் குறியீடு வருவதைக் கண்ணால் பார்க்கும் வரை பழையதை அழிக்கக் கூடாது.

எல்லாம் மாறியபின் சேமிப்பிடத்தைப் பாருங்கள். 128 ஜி.பி. போனில் அவ்வளவு இடமும் கிடைக்காது. சிஸ்டமும் கம்பெனி ஆப்களும் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டிருக்கும். ‘8+8 ஜி.பி. ரேம்’ என்று எழுதியிருந்தால் இரண்டாவது எட்டு உண்மையான ரேம் கிடையாது. சேமிப்பிடத்தில் ஒரு துண்டை ரேம்போலப் பயன்படுத்துகிறார்கள்; அதன் வேகம் மிகக் குறைவு. முன்பே ஏற்றிவைத்த கேம்களையும் கடன் ஆப்களையும் நீக்குங்கள். நீக்க முடியாததை முடக்குங்கள். லாக் ஸ்கிரீனில் தானாக மாறும் செய்தியும் விளம்பரமும் வந்தால், அதை அணைக்கும் பொத்தான் அமைப்புகளில்தான் எங்கோ இருக்கும். தேடிக் கண்டுபிடிக்கும் அரை மணி நேரம் வீண்போகாது.

தமிழில் எப்படி இருக்கிறது?

ஆங்கில விமர்சனங்கள் இதைப் பார்ப்பதில்லை, நாம்தான் பார்க்க வேண்டும். எழுத்தளவைப் பெரிதாக்கிவிட்டு ஒரு தமிழ்ச் செய்தியைப் படியுங்கள். ‘கி’, ‘மீ’ போன்ற எழுத்துகளின் மேல் வளைவு மேல்வரியில் வெட்டுப்படுகிறதா, ‘ஸ்ரீ’ ஒழுங்காக வருகிறதா என்று பாருங்கள். கம்பெனிகள் தரும் அலங்கார எழுத்துருக்களில் தமிழ் இருக்காது. ஆங்கிலம் ஒரு தினுசாகவும் தமிழ் வேறு தினுசாகவும் தெரியும். அப்போது பழைய எழுத்துருவுக்கே திரும்பிவிடுவது கண்ணுக்கு நல்லது.

விசைப்பலகையை முதல் வாரத்திலேயே தேர்ந்துகொள்ளுங்கள். மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினத்தில் தமிழ்99, அஞ்சல் இரண்டு முறையும் இருக்கின்றன. ஐபோனில் இந்த இரண்டும் உள்ளேயே வருகின்றன. தமிழ்99 என்பது 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி ஏற்கப்பட்ட முறை. உயிர் ஒரு பக்கம், மெய் ஒரு பக்கம். ‘அம்மா’, ‘பக்கம்’ போன்ற சொற்களில் இரட்டிக்கும் மெய்க்குப் புள்ளி தானே விழும். ஒரு வாரம் பிடிவாதமாகப் பழகினால் ஆங்கில எழுத்தில் தமிழை அடிக்கும் பழக்கம் விட்டுப்போகும். அடிக்கவே சிரமப்படும் பெரியவர்களுக்கு ஜிபோர்டின் மைக் பொத்தானைக் காட்டிக்கொடுங்கள். தமிழில் பேசினால் தமிழிலேயே எழுதும். ‘நாளைக்கு வரேன்மா’ என்பது திரையில் எழுத்தாக வருவதைப் பார்த்த பிறகு, பேரப்பிள்ளைகளுக்குத் தாமாகவே மெசேஜ் அனுப்பும் தாத்தாக்களை நான் பார்த்திருக்கிறேன்.

இரவில் விளக்கை அணைத்துவிட்டு, திரை வெளிச்சத்தைக் குறைத்து, அரை மணி நேரம் படித்தும் பாருங்கள். அமோலெட் திரைகள் பல, வெளிச்சத்தைக் குறைப்பதற்கு மிக வேகமாக அணைந்து அணைந்து எரிகின்றன. பெரும்பாலோருக்கு அது தெரியாது. சிலருக்குக் கண் வலியும் தலைவலியும் வரும். உங்களுக்கு வந்தால் எத்தனை நாளானாலும் பழகாது. எல்.சி.டி. திரை உள்ள மாடலுக்கு மாறுவதே வழி.

குறை இருந்தால்

குறையைக் கண்ட அன்றே வீடியோ எடுங்கள், அன்றே புகாரைப் பதிவுசெய்யுங்கள். ‘ரெண்டு நாள் பார்ப்போம்’ என்று விடுவதில்தான் பெரும்பாலும் கெடு முடிகிறது. விற்றவர் உங்களை சர்வீஸ் சென்டருக்கு அனுப்பினால், பழுது உண்மைதான் என்று எழுத்தில் ஒரு சான்று கேட்டு வாங்குங்கள். மாற்றுப் போன் கிடைப்பது அந்தத் தாளை நம்பித்தான் இருக்கிறது. போனைக் கொடுக்கும்போது ஐ.எம்.இ.ஐ. எண் குறித்த ஜாப் ஷீட் இல்லாமல் வெளியே வராதீர்கள். வாய்மொழியாக மட்டும் பேசாமல் மின்னஞ்சலில் ஒருமுறையாவது எழுதுங்கள். சாஃப்ட்வேர் அப்டேட் போட்டால் சரியாகிவிடும் என்று சொன்னால் அதையும் தேதியோடு எழுதித் தரச் சொல்லுங்கள். அப்டேட்டுக்குப் பிறகும் குறை தொடர்ந்தால், நீங்கள் ஏழு நாளுக்குள் சொன்னதற்கு அது சாட்சி.

அதற்கும் அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். பெரும்பாலான போன் புகார்கள் அந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கம்பெனியின் தலைமை அலுவலகம் வேறு மாநிலத்தில் இருந்தாலும் பரவாயில்லை. பொருளின் விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. குறை தெரிந்ததிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. பில், ஜாப் ஷீட், மின்னஞ்சல் நகல், அந்த வீடியோ ஆகியவற்றை ஓர் உறையில் போட்டு வைத்திருந்தால் நீங்களே போய் நிற்கலாம்.